பத்தொன்பதாம் இடத்துக்கான பந்தயம்

சென்ற மாதம் அல்சூர் கிளைக் கூட்டத்தில், நிகழ்ச்சிநிரலின் கடைசியில் வரும் "இதர விஷயங்கள்" என்ற தலைப்பின்கீழ் ஒரு யோசனையை முன்வைத்தேன். வரும் செப்டம்பர் 19 முதல் அக்டோபர் 4 வரை ஜப்பானின் ஐச்சி-நகோயாவில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடைபெறவுள்ளன. அவற்றில் நம் தொலைக்காட்சிகள் கண்டுகொள்ளாத பிரிவுகளை, அதாவது துடுப்புப் படகு, வாள்வீச்சு, நடைப் பந்தயம், ஹேண்ட்பால் போன்றவற்றை, கிளை அலுவலகத்தில் திரையிட்டு, வட்டாரத்துத் தொழிலாளர்களையும் அவர்தம் பிள்ளைகளையும் அழைக்க வேண்டும் என்பதே அந்த யோசனை.

மூத்த தோழர் ஒருவர் சிரித்துவிட்டார். நான் பெரிதும் மதிக்கும் தோழர் அவர். பொதுத்துறை ஆலையொன்றில் முப்பதாண்டுக் காலம் சங்கத்தைக் கட்டிக் காத்தவர். "துடுப்பும் வாளும் கனவான்களின் விளையாட்டுகள், தோழர். ஒலிம்பிக்கும் ஆசியாடும் ஆளும் வர்க்கம் நடத்துகிற தேசவெறித் திருவிழாக்கள். விலைவாசி உயர்வைப் பற்றித் தெருமுனைக் கூட்டம் போடுவதற்கே ஆள் போதவில்லை. இதை யார் வந்து பார்ப்பார்கள்?" என்றார்.

அவர் கூறியதில் பாதி உண்மை. மீதிப் பாதி நம் இயக்கத்தில் நெடுங்காலமாக ஊறிப்போன ஒரு பிழை. அந்தப் பிழைக்கு மறுப்பாகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

முதலில், நான் கண்ட ஒரு பந்தயத்தைக் கூறிவிடுகிறேன். 2024 ஆகஸ்ட் 2, வெள்ளிக்கிழமை பிற்பகல். இவ்வார இதழுக்காக ஓர் ஆங்கில அறிக்கையை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் கைப்பேசியில் பாரிஸ் ஒலிம்பிக் ஓடிக்கொண்டிருந்தது. செய்தி அலைவரிசைகள் அனைத்தும் துப்பாக்கிச் சுடுதலில் மனு பாக்கருக்கு மூன்றாவது பதக்கம் கிட்டுமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தன. அதே வேளையில், தனிநபர் துடுப்புப் படகுப் பிரிவில் "டி" இறுதிப்போட்டி நடந்தது. துடுப்புப் படகில் ஒரு வழக்கமுண்டு. பதக்க வாய்ப்பை இழந்தவர்களை அப்படியே வீட்டுக்கு அனுப்பிவிடுவதில்லை. முதற்சுற்றில் பின்தங்கியோருக்கு "ரெப்பசாஜ்" என்ற சுற்று உண்டு, பிரெஞ்சுச் சொல், "மறுவாய்ப்புச் சுற்று" என்று நான் தமிழாக்கிக்கொள்கிறேன். அதற்குப் பின்னரும் ஒவ்வொரு இடத்துக்கும் போட்டியுண்டு. "ஏ" இறுதியில் பதக்கம். "டி" இறுதியில் 19ஆம் இடம் முதல் 24ஆம் இடம் வரை.

பாரிஸுக்குச் சென்ற 117 இந்தியரில் படகு செலுத்தியவர் ஒருவர்தாம்: ஹரியானாவைச் சேர்ந்த இராணுவ வீரர் பல்ராஜ் பன்வார். முதற்சுற்றில் நான்காவதாக வந்து, மறுவாய்ப்புச் சுற்றின் வழியே காலிறுதிக்குச் சென்று, அங்கிருந்து படிப்படியாக இறங்கி இந்த "டி" இறுதிக்கு வந்திருந்தார். 2,000 மீட்டர். படகோட்டி தான் போக வேண்டிய திசைக்கு முதுகைக் காட்டித்தான் அமர்கிறான். எல்லைக்கோடு அவன் கண்ணுக்குத் தெரிவதில்லை. தனக்குப் பின்னால் வருகிறவர்களே அவனுக்குத் தெரிகிறார்கள். உந்துவிசை பெரும்பாலும் கையிலிருந்து வருவதில்லை, காலிலிருந்து வருகிறது. இருக்கை சறுக்கிச் சறுக்கி முன்பின் நகர, மடங்கிய கால்கள் நிமிர்ந்து மொத்த உடலையும் பின்னோக்கித் தள்ளுகின்றன. கடைசி 500 மீட்டரில் ஆறு பேரின் முகங்களையும் பார்த்தேன். 19ஆம் இடத்துக்காக, ஆறு நாட்டு மனிதர்கள் தம் உடலின் கடைசிச் சொட்டு வலுவையும் பிழிந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பன்வார் ஐந்தாவதாக வந்தார். ஒட்டுமொத்தத்தில் 23ஆம் இடம்.

மறுநாள் நாளேடுகளில் அதைத் தேடினேன். ஒன்றில் ஒற்றை வரி கிடைத்தது. வேறொன்றில் அதுவுமில்லை.

தேசவெறித் திருவிழா என்று தோழர் சொன்னார் அல்லவா? அந்த வெறிக்குத் தீனி போடுவது பதக்கப் பட்டியல். தனக்கு முன்பின் தெரியாத ஒரு விளையாட்டை, தன் நாட்டவர் எவருமில்லாத ஒரு போட்டியில், விதிகளைத் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டே பார்க்கிறவனிடம் அந்த வெறி நெருங்குவதற்கு இடமே இல்லை. அவனுக்கு வெறுப்பதற்கு எதிரி கிடையாது. பந்தயம் கட்டத் தெரியாது. நட்சத்திரங்களின் பெயர் தெரியாது. எஞ்சியிருப்பது ஒன்றுதான்: ஒரு மனித உடல் பல்லாண்டுப் பயிற்சியால் பெற்ற திறன். ஓர் ஆசாரி இழைப்புளியைத் தள்ளும்போது தெருவில் போகிறவன் ஒரு கணம் நின்று பார்க்கிறானே, அந்தப் பார்வை அது. உழைப்பை மதிக்கும் பார்வை. இதைக் கனவான்களுக்குத் தாரைவார்த்துவிட்டு நாம் விலகி நிற்பதா?

இதே பாரிஸ் ஒலிம்பிக்கில், அதற்கு முந்தைய நாள் நடந்த 20 கிலோமீட்டர் நடைப் பந்தயத்தையும் குறிப்பிட வேண்டும். இரண்டே விதிகள். ஒரு பாதமேனும் எப்போதும் தரையைத் தொட்டிருப்பதாகக் கண்ணுக்குத் தெரிய வேண்டும். முன்கால் தரையில் பட்ட கணத்திலிருந்து உடலுக்கு நேர்கீழே வரும்வரை முழங்கால் மடங்கக் கூடாது. நடுவர்கள் வெறுங்கண்ணால் பார்த்தே தீர்ப்பளிக்கிறார்கள். மூன்று சிவப்பு அட்டைகள் விழுந்தால் தண்டனைப் பகுதியில் காத்து நிற்க வேண்டும். நான்காவதும் விழுந்தால் வெளியேற வேண்டியதுதான். இடுப்பு இருபுறமும் ஆடும் அந்த நடையைக் கண்டு சிரிப்போர் பலர். எங்கள் மாடிப்படிக்குக் கீழ்வீட்டில், கார்மெண்ட்ஸ் ஆலையில் வேலை பார்க்கும் பெண்மணி ஒருவர் குடியிருக்கிறார். அன்று உடல்நலமின்றி விடுப்பில் இருந்தவர், ஏதோ கேட்க மேலே வந்து, கைப்பேசியை எட்டிப் பார்த்தார். "என்னண்ணா இது, லேட்டாப் போனா கேட்டை மூடிருவாங்கன்னு நாங்க நடக்கிற மாதிரியே நடக்கிறாங்க?" என்றார். அதன்பின் அரைமணி நேரம் நின்று பார்த்தார். யாருக்கு அட்டை விழுகிறது, ஏன் விழுகிறது என்று விடாமல் கேட்டார். வென்றவர் எக்குவடோர் நாட்டின் பிரையன் பின்டாடோ. அந்தச் சிறிய நாட்டுக்கு முதன்முதலாக ஒலிம்பிக் பதக்கம் வாங்கித் தந்ததும் இதே 20 கிலோமீட்டர் நடைதான். 1996இல் அட்லாண்டாவில் ஜெபர்சன் பெரெஸ் தங்கம் வென்றார். இருவரும் குயெங்கா என்ற ஒரே மலைநகரத்தவர்கள். "யார் வந்து பார்ப்பார்கள்?" என்ற கேள்விக்கு என்னிடமுள்ள முதல் சாட்சி அந்தப் பெண்மணி.

இனி, கனவான்களின் விளையாட்டு என்ற வாதத்துக்கு வருவோம். துடுப்புப் படகு உண்மையிலேயே அவர்களுடையதாகத்தான் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் அமெச்சூர் படகுச் சங்கம், கைவினைஞரும் கூலித்தொழிலாளரும் அமெச்சூர் வீரராகக் கருதப்பட மாட்டார்கள் என்று விதியே எழுதி வைத்திருந்தது. உடலுழைப்பால் தசை முறுக்கேறியவனோடு போட்டியிடுவது கனவான்களுக்கு "அநீதி" அல்லவா! 1920இல் பிலடெல்பியாவைச் சேர்ந்த ஜான் கெல்லி என்ற கொத்தனார் ஹென்லி பந்தயத்துக்கு விண்ணப்பித்தார், மறுக்கப்பட்டார். கைத்தொழிலாளி என்பதும் காரணங்களில் ஒன்று. அதே ஆண்டில் ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் இங்கிலாந்தின் ஜாக் பெரஸ்போர்டைத் தோற்கடித்து அவர் தங்கம் வென்றார். 1936இல் ஆஸ்திரேலியாவின் எண்மர் படகுக் குழுவையும் ஹென்லியில் சேர்க்கவில்லை. அவர்கள் போலீஸ்காரர்கள், ஆகவே கைத்தொழிலாளர் என்றார்கள். அடுத்த ஆண்டுதான் அந்த விதி மாற்றப்பட்டது. ஆக, இந்த விளையாட்டின் வரலாறே ஒரு வர்க்கப் போராட்டத்தின் வரலாறு. கதவைத் தட்டித் திறந்தவர்கள் உழைப்பாளிகள். அவர்கள் திறந்த கதவை, கனவான்களுடையது என்று சொல்லி நாம் மூடலாமா?

நம் நாட்டுக்கும் அது அதே பாதையில்தான் வந்தது. கல்கத்தா ரோயிங் கிளப் 1858இல், மெட்ராஸ் போட் கிளப் 1867இல் தொடங்கப்பட்டன. வெள்ளைக்காரர்கள் வெள்ளைக்காரர்களுக்காக நடத்தியவை. இன்று துடுப்பு யார் கையில் இருக்கிறது? நாசிக் மாவட்டத்தின் தத்து போகனள், தந்தையோடு சேர்ந்து கூலிக்குக் கிணறு வெட்டியவர். வறண்ட பூமியில் தண்ணீரைத் தேடித் தோண்டியவர், இராணுவத்தில் சேர்ந்த பின்னரே, 2012இல், துடுப்பைத் தொட்டார். 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் தனிநபர் பிரிவில் போட்டியிட்டார். 2018 ஆசிய விளையாட்டில் நால்வர் படகில் தங்கம் வென்ற குழுவில் இருந்தார். கவனியுங்கள், தங்கம் வந்தது ஆறாம் ஆண்டில். 2022 ஜூனில் ஒன்றிய பாஜக அரசு கொண்டுவந்த அக்னிபாத் திட்டத்தின்படி, சேருவோரில் நால்வரில் மூவர் நான்காண்டில் வீட்டுக்கு அனுப்பப்படுவர். அணிவகுப்புக்கு வந்த கிணறுவெட்டி படகோட்டியாக மாறுவதற்குத் தேவையான ஆண்டுகள் அந்தக் கணக்கில் எங்கே இருக்கின்றன?

இதை அல்சூரில் இருந்துகொண்டு எழுதும்போது எனக்குக் கூடுதலாக ஒரு உறுத்தல் உண்டு. இங்குள்ள ஏரிக்கரையின் ஒரு பகுதி மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற இராணுவப் பொறியியல் படைப்பிரிவின் வசம் உள்ளது. இன்னொரு பக்கம் தமிழ்ச்சங்கம். அருகில், பதினெட்டு ஆண்டுகள் சாக்கில் மூடிக்கிடந்து 2009இல் திறக்கப்பட்ட வள்ளுவர் சிலை. காலை நடைக்கு வருவோர் சிலை வரலாற்றைச் சொல்வார்கள், தண்ணீரின் நாற்றத்தைச் சொல்வார்கள். தண்ணீரில் துடுப்பிழுக்கிற ஒரு சிப்பாயைக் கண்டால், அவர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பதைச் சொல்லக்கூடியவர் எத்தனை பேர்? நானும் இருபதாண்டுக் காலம் பார்க்காமலேதான் கடந்து சென்றேன். பாரிஸின் அந்த "டி" இறுதியைக் கண்ட பிறகுதான் இந்த ஏரியில் படகைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன்.

அல்சூர்க்காரர்கள் தொலைதூரத்து விளையாட்டைப் பார்க்க மாட்டார்கள் என்று சொல்வோர், பக்கத்திலிருக்கும் கௌதம்புரத்துக்குப் போய்வர வேண்டும். தமிழ் உழைப்பாளிகள் வாழும் அந்தக் குடியிருப்பில், புத்தர், அம்பேத்கர், அன்னை தெரசா ஆகியோரின் சிலைகளோடு பீலேயின் சிலையும் நிற்கிறது. பிரேசிலின் ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்த ஒருவனை அம்மக்கள் அம்பேத்கருக்கு அருகில் நிறுத்தியிருக்கிறார்கள். எந்த மத்தியக் குழுவும் அவர்களுக்குச் சர்வதேசியத்தை வகுப்பெடுக்கவில்லை, பார்த்தார்கள், நேசித்தார்கள். அதற்கும் முன்னால், 1948 ஜூலை 31 அன்று லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சை எதிர்த்து ஆடிய இந்தியக் கால்பந்து அணியில் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடினார்கள். இரண்டு பெனால்டிகள் வீணாயின. ஒன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தோற்றார்கள். இந்தியாவின் அந்த ஒரே கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். பெங்களூர்க்காரர் அகமது கானும் அந்த அணியில் ஆடினார். இங்கிலாந்து ரசிகர்களுக்கு அன்று அவர்கள் யார்? பெயர் தெரியாத ஆட்டக்காரர்கள். பதக்கப் பட்டியலை மட்டும் பார்ப்பதென்றால் அவர்களை எவரும் பார்த்திருக்க வேண்டியதில்லை.

தமிழ் படித்தவன் என்ற உரிமையில் ஒன்று கூறிக்கொள்கிறேன். ஆமூர் மல்லனோடு போரவைக் கோப்பெருநற்கிள்ளி மற்போர் புரிந்ததைச் சாத்தந்தையாரும் நக்கண்ணையாரும் புறநானூற்றில் பாடியிருக்கிறார்கள். அவற்றில் என்னை ஈர்ப்பது போட்டியைவிட அதைப் பார்த்து நிற்கும் கூட்டம்தான். வென்றது யார் என்பதில்கூட ஊரார் இரு கட்சியாக நின்றார்கள் என்கிறார் நக்கண்ணையார். பார்ப்பதும் ஒரு செயல் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள்.

நம் இயக்கத்தின் முன்னோரும் அறிந்திருந்தார்கள். 1925இல் பிராங்பர்ட்டிலும், 1931இல் வியன்னாவிலும், 1937இல் ஆன்ட்வெர்ப்பிலும் தொழிலாளர் ஒலிம்பியாடுகள் நடந்தன. பிராங்பர்ட்டில் தேசியக் கொடிகளுக்குப் பதில் செங்கொடி பறந்தது. தேசிய கீதங்களுக்குப் பதில் "சர்வதேச கீதம்" ஒலித்தது. 1928இல் மாஸ்கோ தன் ஸ்பார்டாகியாடை நடத்தியது. சமூக ஜனநாயகவாதிகளும் கம்யூனிஸ்டுகளும் தனித்தனியே நடத்திய அந்தச் சோகத்தை இங்கே விரிக்கவில்லை. ஹிட்லரின் பெர்லினுக்கு மாற்றாக 1936 ஜூலையில் பார்சலோனாவில் மக்கள் ஒலிம்பியாட் தொடங்கவிருந்த தறுவாயில் பிராங்கோவின் கலகம் வெடித்தது. வந்திருந்த விளையாட்டு வீரர்களில் சிலர் ஊர் திரும்பாமல் குடியரசுக்காகத் துப்பாக்கி ஏந்தினர். "குட்டிமுதலாளித்துவப் பொழுதுபோக்கு" என்ற சொற்றொடரை அவர்களிடம் சொல்ல நமக்குத் துணிவு வருமா?

இப்போது "யார் பார்ப்பார்கள்?" என்ற கேள்விக்கு மீண்டும் வருகிறேன். தோழர் கேட்ட இதே கேள்வியைத்தான் ஒளிபரப்பு முதலாளியும் கேட்கிறான் என்பது எனக்கு உறுத்துகிறது. காட்டுவதில்லை, ஆகவே பார்ப்பதில்லை. பார்ப்பதில்லை, ஆகவே காட்டுவதில்லை. இந்த வட்டத்துக்குள் பணம் எங்கே போகிறது என்று பாருங்கள். ஐபிஎல் கிரிக்கெட்டின் 2023 முதல் 2027 வரையான ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டது. ஆண்டுக்கு 9,678 கோடி. ஒன்றிய அரசு 2024–25இல் விளையாட்டு அமைச்சகத்துக்கு ஒதுக்கிய மொத்தத் தொகை சுமார் 3,442 கோடி. ஒரு நாட்டின் அனைத்து விளையாட்டுகளுக்குமான தொகையைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு, ஆண்டுக்கு இரண்டு மாதம் நடக்கும் ஒரே ஆட்டத்தின் படக்காட்சிக்கு மட்டும்! ஒலிம்பிக் ஒன்றுதான் கிரிக்கெட் நுழையாத இடமாக, 1900ஆம் ஆண்டில் பாரிஸில் நடந்த ஒரேயொரு ஆட்டத்தைத் தவிர, இதுவரை இருந்துவந்தது. 2023 அக்டோபரில் மும்பையில் கூடிய சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் டி20 கிரிக்கெட்டைச் சேர்த்துவிட்டது. கிரிக்கெட்மீது எனக்குப் பகையில்லை. சேப்பாக்கத்தில் விஸ்வநாத்தைப் பார்த்து வளர்ந்த தலைமுறை நான். ஆனால் 2028இல் இந்தியா–பாகிஸ்தான் ஆட்டம் ஒன்று அமைந்துவிட்டால், அன்று நடக்கும் மற்ற விளையாட்டுகளில் எது நம் திரைக்கு வரும்?

1995இல் உச்சநீதிமன்றம் வான்அலைகள் பொதுச்சொத்து என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கே ஒரு கிரிக்கெட் ஒளிபரப்பைப் பற்றியது என்பது வரலாற்றின் கிண்டல். 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி, தேசிய முக்கியத்துவம் உடையவையென அரசு அறிவிக்கும் போட்டிகளின் நேரலையைத் தனியார் நிறுவனங்கள் பிரசார் பாரதியுடன் பகிர வேண்டும். 2017இல் உச்சநீதிமன்றம் அதையும் சுருக்கியது: பகிரப்பட்ட நேரலை தூர்தர்ஷனின் தரைவழி ஒளிபரப்பிலும் அதன் சொந்த டிடிஎச்சிலும் மட்டுமே வரலாம், கேபிளில் வரக்கூடாது என்றது. தூர்தர்ஷனுக்கு இருப்பதோ ஒரேயொரு விளையாட்டு அலைவரிசை. முப்பது விளையாட்டுகள் ஒரே நாளில் நடக்கும் ஒரு விழாவை ஒரு சன்னல் வழியே எப்படிப் பார்ப்பது? பாரிஸை நான் பார்க்க முடிந்தது ரிலையன்ஸின் ஜியோசினிமா அதை இலவசமாக விட்டிருந்ததனால்தான். வாடிக்கையாளரைப் பிடிக்க விரித்த வலை அது. 2025 பிப்ரவரியில் ஜியோசினிமாவும் ஹாட்ஸ்டாரும் ஒன்றாகி, சந்தா கட்டினால்தான் காட்சி என்ற நிலை வந்துவிட்டது. தீனி முதலில், கூண்டு பிறகு.

மறுபுறம், 2030 காமன்வெல்த் போட்டிகளை அகமதாபாத்துக்கு வாங்கியாகிவிட்டது; 2036 ஒலிம்பிக்குக்கும் விருப்பக் கடிதம் போய்விட்டது. மல்யுத்த வீராங்கனைகள் பாலியல் கொடுமைக்கு நீதி கேட்டபோது 2023 மே 28 அன்று அவர்களை டெல்லித் தெருவில் இழுத்துச் சென்ற அரசு, உலக விளையாட்டு வீரர்களுக்கு விருந்து வைக்கப் போகிறதாம். அரங்கம் கட்டும் ஒப்பந்தத்தில் காட்டும் அவசரம், ஆட்டத்தைக் காட்டுவதில் இல்லை.

பதக்கம் ஒன்றே கண்ணாக இருப்பதன் கொடுமையை ஒரு தமிழ்ப் பெண்ணின் கதை சொல்லும். வடசென்னையின் பவானி தேவி பள்ளியில் விளையாட்டைத் தேர்ந்தெடுக்கச் சென்றபோது, மற்றவை நிரம்பிவிட்டதால் எஞ்சியிருந்தது வாள்வீச்சு. வாள் விலை அதிகம். மூங்கில் கழியால் பயின்றார். பின்னர் தலச்சேரியில் உள்ள இந்திய விளையாட்டு ஆணையத்தின் மையத்தில், அதாவது மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் ஒரு பொதுநிறுவனத்தில், வளர்ந்தார். 2021 ஜூலை 26 அன்று டோக்கியோவில், ஒலிம்பிக் வாள்வீச்சு மேடை ஏறிய முதல் இந்தியர் ஆனார். துனீசியாவின் நாடியா பென் அஸீஸியை 15–3 என்று வென்றார். அடுத்த சுற்றில் பிரான்சின் மனோன் புரூனேயிடம் 7–15 என்று தோற்றார். புரூனே அப்போட்டியில் வெண்கலம் வென்றவர். தோற்ற அன்றே பவானி தேவி நாட்டு மக்களிடம் மன்னிப்புக் கேட்டார்! யாருக்கு யார் மன்னிப்புக் கேட்பது? அவர் வீசியது சேபர் என்ற வகை வாள். கைமணிக்கட்டுக்குக் கீழ்ப்பகுதி நீங்கலாக, இடுப்புக்கு மேலே எங்கு பட்டாலும் புள்ளி. கண்ணிமைக்கும் நேரத்தில் இருவரும் ஒருசேரத் தாக்கினால், தாக்குதலை முதலில் தொடங்கியவர் யார் என்று நடுவர் தீர்மானிக்கிறார். இந்த ஆட்டத்தின் அழகை முன்பே கண்டு பழகியிருந்தால், அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக்குரிய எதையும் நாம் கண்டிருக்க மாட்டோம். நாம் பார்க்காததற்கு அவள் தண்டம் கட்டினாள்.

சொல்லுக்குக்கூடப் பஞ்சம் நமக்கு. வாலிபாலுக்குக் "கைப்பந்து" என்று பெயரிட்டுவிட்டோம். உண்மையிலேயே கையால் ஆடும் ஹேண்ட்பாலுக்குச் சொல் மிஞ்சவில்லை. மொழிபெயர்ப்பாளனுக்கு இது தொழில் இடைஞ்சல். ஆனால் பார்க்கப்படாத ஒன்றுக்கு எந்த மொழியும் பெயர் வைப்பதில்லை.

கிளைக் கூட்டத்தின் முடிவைச் சொல்கிறேன். தோழர் தம் எதிர்ப்பைத் திரும்பப் பெறவில்லை. ஆனால், படகுப் போட்டி நடக்கும் ஒருநாள் மட்டும் பரிசோதனையாகத் திரையிடலாம் என்பதற்கு ஒப்புக்கொண்டார். "தெருமுனைக் கூட்டம் அதற்கு முந்தைய வாரமே நடந்தாக வேண்டும்" என்ற நிபந்தனையுடன். நியாயமான நிபந்தனை. கீழ்வீட்டுப் பெண்மணி தம் ஆலையிலிருந்து நாலு பேரை அழைத்து வருவதாகக் கூறியிருக்கிறார். நடைப் பந்தயம் எந்த நாள் என்றும் கேட்டிருக்கிறார். திரைக்கு வெள்ளை வேட்டி என்னுடையது. ப்ரொஜெக்டர் வாடகையைக் கிளை ஏற்கும். தூர்தர்ஷன் படகைக் காட்டாவிட்டால் தனியார் சந்தாவை யார் கட்டுவது என்பது மட்டும் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டுள்ளது.